நாரி

புகலிடத்துக்கு வந்து எங்கள் தமிழ் சுருங்கிவிட்டது என்று சொல்லுகிறார்கள். வயலோடு இருந்த சொற்கள் போய்விட்டன, கடலோடு இருந்த சொற்களும் போய்விட்டன என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் ஒரு சொல் இங்கே வந்துதான் பெருத்தது. நாரி. ஊரில் நாரி நோகிறது என்று சொன்னவர்கள் பெரும்பாலும் தோட்டம் கொத்துகிறவர்களும் ஆச்சிமாரும்தான். பாரிஸில் முப்பது வயதுக்காரன் சொல்லுகிறான். லாச்சப்பலில் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் விசாவைப் பற்றிக் கேட்பார்கள், பிறகு வேலையைப் பற்றி, மூன்றாவதாக நாரியைப் பற்றி.

நாங்கள் என்று இங்கே எழுதுவது ரெஸ்ரோரண்டுகளின் பின்பக்கத்தில் நிற்பவர்களை. கோப்பை கழுவுகிறவர்கள், மரக்கறி வெட்டுகிறவர்கள், இரவு ஒரு மணிக்குக் குப்பை வாளியை உருட்டிக்கொண்டு போய்த் தெருவில் வைக்கிறவர்கள். எங்களைப் பற்றிய கதைகளும் கவிதைகளும் நிறைய வந்துவிட்டன. குளிர் வந்தது, தனிமை வந்தது, ஊர் நினைவு வந்தது. நாரி வந்தது குறைவு. கத்தி வைக்காமல் இதை மாற்றலாமா என்பது எங்கள் அறைகளில் அடிக்கடி எழுகிற கேள்வி. மருத்துவத்திடம் அதற்கு ஒரு நல்ல பதில் இருக்கிறது. அந்தப் பதில் எங்கள் கைக்கு ஏன் எட்டுவதில்லை என்பதையும் சேர்த்துத்தான் எழுதவேண்டியிருக்கிறது.

பாரிஸின் பழைய கட்டடங்களில் ரெஸ்ரோரண்டுக்குக் கீழே கேவ் என்கிற நிலவறை இருக்கும். அரிசி, உருளைக்கிழங்கு, எண்ணெய், குடிவகை எல்லாம் அங்கேதான். இறங்குகிற படி ஓராள் அகலம், சில இடங்களில் சுழன்று இறங்கும். 25 கிலோ மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து, உடம்பைத் திருப்பித்தான் ஏறவேண்டும். குனிவு, சுமை, திருப்பம் மூன்றும் ஒரே நேரத்தில். பிறகு கழுவும் தொட்டி. அதன் அடி எங்கள் இடுப்புக்கும் கீழே இருக்கும். பெரிய சட்டிகளைக் கழுவும்போது இரண்டு மணித்தியாலம் நிமிர்வதில்லை. பிரெஞ்சுத் தொழிற்சட்டத்தில், தொழில் மருத்துவர் தகுதி என்று சொல்லாத ஓர் ஆணை 55 கிலோவுக்கு மேல் வழமையாகத் தூக்க வைக்கக்கூடாது என்று இருக்கிறது. எங்கள் மூட்டைகள் எல்லாம் அந்த இலக்கத்துக்குக் கீழே. ஒரு நாளில் எத்தனை தரம் என்பதுதான் எங்கள் கணக்கு.

எங்களில் சிலர் பல்கலைக்கழகத்தில் உயிரியலைப் பாதியில் விட்டு வந்தவர்கள். முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதியில் ஐந்து எலும்புகள் இருப்பதையும், பாடப்புத்தகம் அவற்றை நாரி முள்ளென்புகள் என்று சொல்லுவதையும் அந்தப் படிப்பு மிச்சம் வைத்திருக்கிறது. இரண்டு எலும்புகளுக்கு நடுவில் ஒரு வட்டு, டிஸ்க். வெளியே நார்வளையம், உள்ளே களி போன்ற மெத்தை. கருவில் முதுகுநாணாக இருந்ததன் மீதிதான் அந்தக் களி. வளையம் பழுதாகும்போது களி பின்பக்கமாகப் பிதுங்குகிறது. அங்கேதான் நரம்பின் வேர் இருக்கிறது. அமுக்கம் ஒருபக்கம், களியிலிருந்து கசிகிற இரசாயனங்கள் நரம்பை அழற்சியாக்குவது மறுபக்கம். வலி நாரியில் நிற்காது. குண்டியால் இறங்கி, தொடையின் பின்பக்கத்தால் போய், கெண்டைக்காலைத் தாண்டி, விரல் வரைக்கும் மின்சாரம்போல ஓடும். டொக்டர்மார் சயாட்டிகா என்பார்கள், இங்கே சியாத்திக். ஆயுர்வேதத்தில் கிருத்ரசி. பிணந்தின்னிக் கழுகின் பெயரிலிருந்து வந்த சொல் அது. காலை இழுத்துக்கொண்டு நடக்கிறவரைப் பார்த்தவர்கள்தான் அந்தப் பெயரை வைத்திருக்கவேண்டும்.

அறைகளில் நடக்கிற வைத்தியம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சித்தாலேப, கோடாலித் தைலம், ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த நோவெண்ணெய், சுடுதண்ணீர்ப் போத்தலால் ஒத்தணம். இவை பிதுங்கிய வட்டை உள்ளே தள்ளுவதில்லை. ஆனால் சூடு தசையின் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தும். ஒரு மனிதனின் கை முதுகில் படுவதும் இந்த ஊரில் சின்ன விஷயமில்லை. பிறகு குளிசை. மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் வருமுன் இரண்டு, இரவுக் கூட்டத்துக்கு முன் இரண்டு. பிறகு இரண்டு கட்சிகள். “கத்தி வைச்சால் பிறகு கதிரையிலதான்” என்று ஒரு கட்சி. “வெட்டி எறிஞ்சிட்டு வா மச்சான், ஒரு மாதத்தில வேலைக்குப் போகலாம்” என்று மற்றக் கட்சி. இரண்டுக்கும் அறையில் ஆட்கள் இருக்கிறார்கள்.

1764இல் நேப்பிள்ஸ் நகரத்து மருத்துவர் கொத்துன்யோ, காலில் இறங்குகிற இந்த வலி நரம்பினுடையது, இடுப்பு மூட்டின் வலி வேறு என்று பிரித்து எழுதினார். மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் காலை மேலே தூக்கிப் பார்க்கிற சோதனைக்கு லசேக்கின் பெயர். அவர் பாரிஸில் வேலைசெய்த மருத்துவர். அவருடைய மாணவர் 1881இல் அதை எழுதினார். இன்றைக்கும் நாங்கள் போய்ப் படுத்தால் டொக்டர் முதலில் செய்வது அதைத்தான். வட்டுப் பிதுங்குவதுதான் காரணம் என்பதை பொஸ்ரன் நகரத்தின் மிக்ஸ்ரரும் பாரும் 1934இல் உறுதியாக எழுதினார்கள். காரணம் தெரிந்ததும் அதை வெட்டி எடுப்பதே முறை என்று பல பத்தாண்டுகள் ஓடின.

பிறகுதான் கணக்குகள் வரத்தொடங்கின. 1994இல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தார்கள். 52 வீதமானவர்களுக்கு வட்டு வீங்கியிருந்தது. 27 வீதமானவர்களுக்குப் பிதுங்கியே இருந்தது. அவர்கள் வலியில்லாமல் நடமாடிக்கொண்டிருந்தவர்கள். எங்கள் ஆட்கள் எம்.ஆர்.ஐ. படத்தைச் சாமான் பையில் வைத்துக்கொண்டு, தீர்ப்புக் கடிதம்போல அறை அறையாகக் காட்டித் திரிவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். படத்தில் இருப்பது எல்லாம் வலியின் காரணமில்லை. வலி எந்த வழியால் போகிறது, காலின் பலம் எப்படி, உணர்ச்சி எப்படி என்பதோடு படம் பொருந்தவேண்டும்.

இன்னொரு செய்தி இதைவிட ஆறுதலானது. பிதுங்கி வெளியே வந்த துண்டை உடம்பு தானே தின்றுவிடுகிறது. வெளியே வந்ததை அந்நியப் பொருளாகக் கண்டு, இரத்தத்திலிருந்து வருகிற விழுங்கும் கலங்கள் அதைக் கரைக்கின்றன. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2015இல் வெளியான கணக்கொன்றின்படி, முற்றாகப் பிரிந்து விழுந்த துண்டுகளில் 96 வீதமானவை சுருங்கின. வளையத்தைக் கிழித்து வெளியே தள்ளியவற்றில் 70 வீதம். கிழியாமல் பிதுங்கியவற்றில் 41 வீதம். வெறும் வீக்கத்தில் 13 வீதம். படத்தில் பயங்கரமாகத் தெரிவதுதான் கூடுதலாகக் கரைகிறது.

இந்தக் கரைக்கும் வேலையை ஊசியால் செய்யப் பார்த்த காலமும் ஒன்று இருந்தது. சமையலறையில் நிற்கும் எங்களுக்கு அது இலகுவாக விளங்கும். ஊரில் முற்றின ஆட்டிறைச்சி அவிய ஒரு துண்டு பப்பாசிக்காய் போடுவார்கள். பப்பாசிப் பாலில் இருக்கிற கைமோபப்பேயின் என்ற நொதியத்தை வட்டுக்குள் ஏற்றினால் களி கரையும் என்று கண்டு, 1963இல் அமெரிக்காவில் லைமன் ஸ்மித் என்ற மருத்துவர் முதன்முதலாக மனிதர்களுக்கு ஏற்றினார். 1982இல் அங்கே அனுமதியும் கிடைத்தது. பலருக்குச் சுகமும் வந்தது. ஆனால் சிலருக்கு உயிராபத்தான ஒவ்வாமை வந்தது, அரிதாக நரம்பு மண்டலத்திலும் பாதிப்பு வந்தது. 2003இல் அமெரிக்காவில் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். ஜப்பானில் 2018இல் வேறொரு நொதியத்துக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள்.

அப்படியானால் கத்தியில்லாத வைத்தியம் என்பது என்ன? முதலில், படுக்கை இல்லை. 1999இல் நெதர்லாந்தில் சியாத்திக் உள்ள 183 பேரில் ஒரு பகுதியினரை இரண்டு கிழமை படுக்கவைத்தார்கள், மற்றவர்களை முடிந்த அளவுக்கு நடமாடவிட்டார்கள். பன்னிரண்டு கிழமை முடிவில் இரண்டு பக்கத்திலும் 87 வீதமானவர்களுக்குச் சுகம் கண்டிருந்தது. படுத்துக் கிடந்ததால் ஒரு லாபமும் இல்லை. இங்கே சுகாதாரக் காப்புறுதி 2017இல் பெரிய விளம்பரம் ஒன்றைத் தொடங்கியது. முதுகுவலிக்குச் சரியான வைத்தியம் அசைவு என்று மெற்றோச் சுவர்களில் இருந்தது. அதை வாசித்துவிட்டு நாங்கள் சிரித்தோம். அசைவுதான் மருந்து என்றால் ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம் அசைகிற எங்களைப்போல் சுகதேகி யார்? ஆனால் அது சொல்லுகிற அசைவு வேறு. நடை, நீச்சல், மெல்ல மெல்லக் கூட்டுகிற பயிற்சி, ஒரே நிலையில் நில்லாமை. ஒரே பக்கம் ஆயிரம் தரம் குனிந்து திரும்புவது அந்தக் கணக்கில் வராது.

பயிற்சி சொல்லித்தருகிறவரை இங்கே கினே என்கிறார்கள். அவர்கள் பயன்படுத்துகிற முறைகளில் ஒன்று நியூசிலாந்தில் பிறந்தது. 1956இல் வெலிங்ரனில் ரொபின் மக்கென்சி என்ற பயிற்சியாளரிடம் கால்வலியோடு வந்த ஒருவர், தலைப்பக்கம் உயர்த்தியிருந்த கட்டிலில் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்பக்கமாக வளைந்தபடி கொஞ்ச நேரம் கிடந்து எழும்பியபோது காலில் வலி இல்லை. அதிலிருந்து அவர் ஒரு விதி கண்டார். வலி பாதத்திலிருந்து முழங்காலுக்கு, முழங்காலிலிருந்து குண்டிக்கு, அங்கிருந்து நாரிக்குப் பின்வாங்கினால் நல்ல குறி, நாரியில் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. கீழே கீழே இறங்கினால் அந்தப் பயிற்சியை நிறுத்தவேண்டும். எல்லோருக்கும் ஒரே வளைவு பொருந்தாது. ஆகவே கைத்தொலைபேசியில் பார்த்துச் செய்யாமல் கினேயிடம் போய்ப் பார்த்துச் செய்வது நல்லது.

குளிசைகள் வலியைத் தாங்கவைக்கும், வட்டைத் திருத்தாது. அழற்சிக்கான குளிசைகளை வெறும் வயிற்றில் மாதக்கணக்காக விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் விலை கொடுக்கும். நரம்புவலிக்கென்று எழுதப்படுகிற பிரெகபலினை 2017இல் அவுஸ்திரேலியாவில் 209 பேரில் சோதித்தார்கள். சியாத்திக்குக்கு அது வெறும் மாவுக் குளிசையைவிட மேலாக வேலை செய்யவில்லை. தலைச்சுற்றுத்தான் கூடியது. கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னால் நிற்பவனுக்குத் தலைச்சுற்று என்ன செய்யும் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. முதுகில் ஏற்றுகிற கோர்ட்டிசோன் ஊசி சிலருக்குக் கொஞ்சக் காலம் கால்வலியைக் குறைக்கும், அவ்வளவுதான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். சிறுநீர் போகாமல் அடைத்தால் அல்லது தெரியாமல் போனால், மலம் அடக்க முடியாவிட்டால், குதிரைச் சேணம் படுகிற இடமெல்லாம் விறைத்தால், பாதத்தைத் தூக்க முடியாமல் விழுந்துகொண்டே போனால் காத்திருக்கக்கூடாது. அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும். அங்கே கத்திதான் வைத்தியம். மணித்தியாலங்கள் பிந்தினாலும் திரும்பி வராதவை உண்டு. முதுகுவலியோடு காய்ச்சல், காரணமில்லாத மெலிவு இருந்தாலும் உடனே காட்டவேண்டும்.

மற்றவர்களுக்குத்தான் கேள்வி. 2007இல் நெதர்லாந்தில் வெளியான ஆய்வு ஒன்று எங்கள் அறையின் இரண்டு கட்சிகளுக்கும் பதில் சொல்லுகிறது. கடுமையான சியாத்திக் ஆறிலிருந்து பன்னிரண்டு கிழமை நீடித்த 283 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு உடனே சத்திரசிகிச்சை. மற்றப் பகுதிக்குக் காத்திருப்பும் பயிற்சியும், தாங்க முடியாவிட்டால் பிறகு சத்திரசிகிச்சை. காத்திருந்தவர்களில் 39 வீதமானவர்கள் ஒரு வருடத்துக்குள் கத்திக்குப் போனார்கள், மிச்சப் பேருக்குத் தேவைப்படவில்லை. வருட முடிவில் இரண்டு பகுதியிலும் 95 வீதமானவர்கள் சுகம் என்றார்கள். வேறுபாடு வேகத்தில்தான். உடனே வெட்டியவர்களில் பாதிப்பேர் 4 கிழமையில் தேறினார்கள். காத்திருந்தவர்களில் பாதிப்பேர் தேற 12 கிழமை சென்றது.

எட்டுக் கிழமை. கத்தியில்லாத வைத்தியத்தின் விலை அதுதான். எண்ணெயும் ஊசியும் பயிற்சியும் அந்த எட்டுக் கிழமையைக் கடக்க உதவுகிற தடிகள். மருந்து என்று சொன்னால் காலம்தான் மருந்து. காலத்தை எந்த மருந்துக்கடையிலும் தரமாட்டார்கள்.

எங்களுக்கு அந்தக் காலம் எப்படி அளக்கப்படுகிறது என்று பார்ப்போம். நோய் என்று டொக்டர் எழுதித்தந்தால் முதல் மூன்று நாளுக்குக் காப்புறுதி ஒரு சதமும் தராது. நாலாம் நாளிலிருந்து நாட்கூலியின் பாதி. அந்தப் பாதி சம்பளத்துண்டில் இருக்கிற தொகையின் பாதி. எங்களில் பலருக்குச் சம்பளத்துண்டில் பாதிதான் எழுதப்படுகிறது, மீதி கடித உறையில் வருகிறது. ஆகவே பாதியின் பாதி. இன்னும் சிலர் வேறொருவரின் கார்ட்டில் வேலை செய்கிறார்கள். வலி ஒருவனுக்கு, காப்புறுதி இலக்கம் இன்னொருவனுக்கு. விசா இல்லாதவர்களுக்கு இருக்கிற மருத்துவ உதவி டொக்டருக்கும் மருந்துக்கும் கொடுக்கும், இழந்த கூலிக்குக் கொடுக்காது. வாடகையும், ஏஜென்சிக் கடனும், ஊருக்கு அனுப்புகிற காசும் மூன்று நாள் பொறுப்பதில்லை.

பாரம் தூக்குவதால் வருகிற வட்டுப் பிதுக்கத்தை 1999இலிருந்து பிரான்ஸ் தொழில்நோயாக ஏற்றிருக்கிறது. 98ஆம் அட்டவணை. ஐந்து வருட வேலை காட்டவேண்டும். அதில் எந்தெந்த வேலைகள் என்று பட்டியலும் இருக்கிறது. கட்டடவேலை, சுரங்கம், வீட்டுச் சாமான் ஏற்றி இறக்குவது, இறைச்சி வெட்டும் களம், குப்பை அள்ளுவது, நோயாளிகளைத் தூக்குவது, மரணச்சடங்கு வேலை. சவப்பெட்டி தூக்குகிறவரின் நாரி அங்கே இருக்கிறது. கோப்பை கழுவுகிறவனின் நாரி பெயர் சொல்லி இல்லை. பட்டியலுக்கு வெளியே நிற்பவர் ஒரு குழுவின் முன்னால் தன் வேலைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டவேண்டும். பிரெஞ்சில் வழக்குப் பேசத் தெரிந்தவன் கோப்பை கழுவ வருவானா?

எங்கள் அறையில் ஒரு அண்ணர் இருந்தார். நாலாவது ஐந்தாவது முள்ளென்புகளுக்கு இடையில் பிதுக்கம், இடதுகால் விறைப்பு, பலம் குறையவில்லை. காத்திருக்கலாம் என்றார் டொக்டர். “காத்திருந்தால் வேற ஆளைப் பிடிப்பன்” என்றார் முதலாளி. நாங்கள் மூன்று பேர் எங்கள் ஓய்வு நாட்களைப் பிரித்து அவருடைய இடத்தில் போய் நின்றோம். முதலாளிக்கு ஆள் வந்தால் போதும், யார் என்பது அவருக்குப் பிரச்சினையில்லை. அவருடைய பங்கு வாடகையை அறை கட்டியது. சீட்டைப் பிந்தி எடுக்கச் சம்மதித்தார்கள். அண்ணர் கினேயிடம் போனார். ஒவ்வொரு நாளும் வாய்க்கால் கரையால் லாவில்லேத் வரைக்கும் நடந்தார். “இண்டைக்கு முழங்காலோட நிண்டிட்டுது தம்பி” என்று ஒருநாள் வந்து சொன்னபோது நாங்கள் தேத்தண்ணி வைத்துக் கொண்டாடினோம். பதினோராவது கிழமை வேலைக்குத் திரும்பினார். கத்தி தேவைப்படவில்லை.

அதே வருடம் பக்கத்து அறைத் தம்பி ஒருவர் ஆறாவது கிழமையே வெட்டுவித்தார். சத்திரசிகிச்சை நன்றாக நடந்தது, வலி போனது. அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர் கத்தியைத் தெரிந்தெடுத்தது நரம்பின் நிலையைப் பார்த்து இல்லை, மாதக் கடைசியைப் பார்த்து. ஐந்தாவது கிழமை அவர் திரும்பவும் அதே கேவுக்குள் இறங்கினார். மூட்டையின் பாரம் குறைந்திருக்கவில்லை. சத்திரசிகிச்சையா இல்லையா என்பதை மருத்துவம் நோயாளியின் விருப்பத்துக்கு விடுகிறது. விருப்பம் என்ற சொல்லுக்கு வாடகை கட்டியவனிடம் ஓர் அர்த்தம், கட்டாதவனிடம் இன்னோர் அர்த்தம்.

ஓய்வு நாளைக் கொடுத்து ஒருவரைக் காப்பாற்றலாம். எல்லோரையும் அப்படிக் காப்பாற்ற முடியாது, கொடுக்கிறவனுக்கும் ஒரு நாரிதான் இருக்கிறது. ஆகவே எங்கள் அறையில் இப்போது ஒரு கொப்பி இருக்கிறது. மூட்டை தூக்கும்போது நாரியில் வெட்டியிழுத்தால் அதை நோய் என்று விடக்கூடாது, அது வேலை விபத்து. நாள், நேரம், எதைத் தூக்கினது, பக்கத்தில் யார் நின்றது என்று அன்றிரவே எழுதுகிறோம். 24 மணித்தியாலத்துக்குள் முதலாளிக்கு அறிவிக்கவேண்டும். அவர் 48 மணித்தியாலத்துக்குள் காப்புறுதிக்கு அறிவிக்கவேண்டும். அவர் செய்யாவிட்டால் இரண்டு வருடத்துக்குள் நாங்களே அறிவிக்கலாம். விபத்து என்று ஏற்றுக்கொண்டால் மூன்று நாள் வெட்டு இல்லை, முதல் 28 நாளுக்கு நாட்கூலியின் 60 வீதம், அதன்பிறகு 80 வீதம். குணமாகி வரும்போது பாதிநேர வேலைக்கு டொக்டர் எழுதித் தரலாம், முதலாளி சம்மதித்தால் இழந்த கூலியில் ஒரு பகுதியைக் காப்புறுதி தரும். கடித உறையில் வருகிற காசையும் சம்பளத்துண்டில் எழுதச்சொல்லிக் கேட்பதும் நாரி வைத்தியம்தான். கொப்பியில் இதுவரை ஒன்பது பேருடைய பதிவு இருக்கிறது. மூன்று பேருக்கு விபத்து என்று ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.